யாரும் பறிக்காத காளான்

ப்ராஹதிட்சே, 1996 ஜூலை 2

விலேமுக்கு,

போன கடிதத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தாய். இரண்டரைப் பக்கம் ஆணியில்லாமல் உத்தரம் கோப்பதைப் பற்றி. மீதி அரைப் பக்கத்தில் என்னையும் லுபோரையும் நலம் விசாரித்துக் கணக்கை முடித்துவிட்டாய். ஆணியே இல்லாமல் முந்நூறு வருஷம் நிற்கிற ஜப்பான் கோயில் கூரை என்று லுபோருக்குப் படித்துக் காட்டினேன். "ஆணி வாங்க வக்கில்லாத ஊருக்கா உன் தம்பியை அனுப்பினாங்க?" என்றார். இப்படிப்பட்ட புருஷனை வைத்துக்கொண்டு நான் யாவாரம் பண்ணுகிறேன்.

இங்கே பருவம் தொடங்கிவிட்டது. விடிந்ததிலிருந்து கிடங்கு வாசலில் கூடையும் கையுமாக ஆட்கள். காட்டுப் பழம், காளான், எது வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரன் உலர்ந்த காளான் எவ்வளவு இருந்தாலும் கொடு என்கிறான். உலர்த்தக் கொட்டகை கட்டித்தர வேண்டிய கட்டடக்காரத் தம்பியோ கோயில் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

குறையாகச் சொல்லவில்லை. குறைதான், ஆனாலும் பெருமையும் உண்டு. அந்த நாட்டுக்கு அரசாங்கச் செலவில் போகிறவர்கள் நாடு முழுவதையும் அலசினால் இரண்டே பேர், அதில் ஒருவன் என் தம்பி. கூடையோடு வருகிற ஒவ்வொருவரும், "அரசாங்கத்து மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்று கேட்கிறார்கள். "மாமியார் வீட்டுச் சோறு ஒத்துக்கிச்சாம்" என்று சொல்லி வைக்கிறேன்.

உன் அரையாண்டு அறிக்கையைக் கேட்டு ப்ராக் அலுவலகத்திலிருந்து இங்கே காகிதம் வந்தது. ஒழுங்காக எழுதி அனுப்பு. உதவித்தொகையை எந்த நேரமும் நிறுத்தலாம் என்று நீ கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது. நான் படித்தேன். நீ படித்திருக்க மாட்டாய்.

கேட்ட சீமைச் சோம்பு ஒரு பொட்டலம் இத்துடன். எதில் போடப் போகிறாயோ தெரியவில்லை. மீனில் போட்டுத் தொலைக்காதே.

ஹெத்விகா


ஜூலை 16

அக்கா,

சோம்பு வந்தது. எதில் போடுவேன் என்று கேட்டாய். பதில் நேற்றுத்தான் கிடைத்தது.

நான் வேலை பார்க்கும் கோயிலுக்குப் பின்னால் ஒரு குன்று இருக்கிறது. முழுக்கக் கருவாலி மரம், ஆனால் குளிரிலும் இலை உதிர்க்காத ஜாதி. ஒரு வாரமாக விடாத மழை. நேற்று சாப்பாட்டு வேளையில் சும்மா ஏறிப் பார்த்தேன். ஹொலுபின்கா, அக்கா. மரத்துக்கு மரம் ஹொலுபின்காக் காளான். சாம்பல் பூத்த குடை, அடியில் தடித்த மடல்கள், சாக்கட்டி மாதிரிப் பட்டென்று ஒடிகிற காம்பு. வெட்டினால் சதை லேசாகச் சிவக்கிறது. நம் காட்டில் கறுத்துப்போகிற ஜாதியும் முதலில் சிவக்கும்தானே, அதன் தம்பியாக இருக்க வேண்டும். ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். காரமில்லை, கசப்பில்லை. நாக்கில் எரியாத ஹொலுபின்கா எல்லாம் சோறு என்று நம் ஊரில் பால் மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

இங்கே யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக அதைத் தாண்டிப் போகிறார்கள். விறகு பொறுக்குகிற கிழவர்கள் தாண்டிப் போகிறார்கள். கடல்பாசியை விடமாட்டார்கள், மூங்கில் குருத்தை விடமாட்டார்கள். இதற்கு மட்டும் யாரும் குனிவதில்லை.

கல்லூரியில் என் மேசைக்கு எதிர் மேசை கிதாகாவாவைப் பற்றி எழுதியிருக்கிறேன். எனக்கு அறை பிடித்துக் கொடுத்தவர், பல்வலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனவர், வாரம் தவறாமல் வீட்டில் சோறு போடுகிறவர். இந்த நாட்டில் வெளியாள் தங்க ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். எனக்கு நின்றவரும் அவர்தான். ஆறு மாதமாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டே இருக்கிறேன். அவர் மனைவி சாயோ இரண்டு பெண் குழந்தைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். மனுஷன் தனியாக நூடுல்ஸ் தின்கிறார். வரும் ஞாயிறு, 21ஆம் தேதி, என் அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். சனிக்கிழமை போய்ப் புதிதாகப் பறிப்பேன். முட்டையும் வெங்காயமும் உன் சோம்பும் போட்டு நம் வீட்டு வறுவல்.

"காளானா? நீங்களே பறிக்கிறதா?" என்று கேட்டார்.

"எங்க நாட்டுல எல்லாரும் பறிப்போம்" என்றேன்.

"அப்ப எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க நாட்டு மேலதான் கேஸ்" என்று சிரித்தார்.

முதல்முறையாக இங்கே யாருக்காவது ஏதாவது கொடுக்கப் போகிறேன், அக்கா. சந்தோஷமாக இருக்கிறது.

விலேம்


ஜூலை 23

அக்கா,

அறிக்கையை அனுப்பிவிட்டேன். இங்கே வெயில் கடுமை. கிதாகாவாவுக்கு உடம்பு சரியில்லை, வெயில்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். எனக்கும் தோளில் வலி. உத்தரம் தூக்கியதில் பிடித்திருக்கும்.

ஞாயிறு விருந்து நன்றாக நடந்தது. வேறு விசேஷமில்லை. லுபோர் நலமா? பதில் எழுத அவசரப்படாதே, உனக்குப் பருவ வேலை இருக்கும்.

விலேம்

நம் ஊர்ப் பக்கம் ஹொலுபின்கா சாப்பிட்டு யாருக்காவது கழுத்து விறைத்துப்போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா? சும்மாதான் கேட்கிறேன்.


ப்ராஹதிட்சே, ஜூலை 25

விலேம்,

உன் 16ஆம் தேதிக் கடிதம் இன்று காலைதான் வந்தது. நீ சொன்ன ஞாயிறு வந்து போய்விட்டது. இனி நான் என்ன எழுதினாலும் அது நடந்து முடிந்ததற்குத்தான். இருந்தும் எழுதுகிறேன், சும்மா உட்கார முடியவில்லை.

தராசுக்குப் பக்கத்தில் நின்றபடி படித்துக்கொண்டிருந்தேன். "யாரும் குனிவதில்லை" என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. கூடையை நீட்டிக்கொண்டிருந்த பெண்பிள்ளை, "என்ன ஹெத்விகா, கெட்ட சேதியா?" என்றாள். எடைக்கல்லை எந்தத் தட்டில் வைத்தேன் என்றே தெரியவில்லை.

சந்தையில் ஒரு மூட்டை கேட்பாரற்றுக் கிடந்தால் முட்டாள், அடித்தது யோகம் என்று தோளில் போட்டுக்கொள்வான். யாவாரி, ஏன் இதை ஒருத்தனும் தொடவில்லை என்று முதலில் கேட்பான். கடல்பாசியைக்கூட விடாத ஜனங்கள் கண்ணெதிரே கிடக்கிற காளானை விடுகிறார்கள் என்றால் அது அறியாமையா? அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் எவனோ தின்று பார்த்திருக்கிறான், விலேம். இவ்வளவு படித்தவனுக்கு இது தோன்றவில்லையா?

கிடங்கை லுபோரிடம் விட்டுவிட்டு புத்யேயொவிட்சேக்கு வண்டியை ஓட்டினேன். அங்கே திங்கட்கிழமைகளில் ஜனங்கள் கொண்டுவரும் கூடைகளைப் பார்த்து, இது ஆகும் இது ஆகாது என்று சொல்கிற காளான் சங்கத்துக்காரரை உனக்குத் தெரியும். இன்று திங்களல்ல, வீட்டுக்கே போய்விட்டேன். செர்ரிப் பழத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். உன் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன்.

"நாக்குச் சோதனை நம்ம காட்டுக்குத்தாம்மா" என்றார். "இங்க இருக்கிற ஹொலுபின்கா நாக்குக்கிட்டப் பொய் சொல்லாது. அந்த ஊர்க் காட்டுக்கு யாரு உத்தரவாதம் கொடுத்தது?"

"காரமே இல்லைன்னு எழுதியிருக்கானே."

"காரம் இருந்திருந்தா துப்பியிருப்பான்ல" என்றார். கையிலிருந்த பழத்தைக் கிண்ணத்தில் போடவே இல்லை.

உன் விடுதிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "விலேம், விலேம்" என்று கத்தினேன். அவள் நீளமாக ஏதோ சொன்னாள், மெதுவாக, மரியாதையாக. பிறகு வைத்துவிட்டாள். அந்த மரியாதைதான் என்னைத் தின்கிறது. சாவு வீட்டிலும் அந்தக் குரலில்தானே பேசுவார்கள்.

தந்தி கொடுத்திருக்கிறேன். நீ இருந்தால் போன் பண்ணு. அடுத்த வரி எழுத வரவில்லை.

ஹெத்விகா


ஜூலை 27

அக்கா,

தந்தியைக் கதவுக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். சாப்பிடாதே, யாருக்கும் கொடுக்காதே, போன் பண்ணு. முதல் இரண்டுக்கும் நேரம் கடந்துவிட்டது. மூன்றாவதைச் செய்யத் தைரியமில்லை. உன் குரலைக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பொது போனுக்குப் பின்னால் எப்போதும் யாராவது நிற்கிறார்கள்.

போன கடிதத்தில் எழுதியது பொய். வெயிலில்லை.

என் வாணலி சின்னது. விருந்தாளி தட்டுத்தான் நிறைய வேண்டும் என்று கிதாகாவாவுக்கு இரண்டு தரம் போட்டேன். நான் வாணலியை ரொட்டியால் வழித்தேன். "இந்த விதை என்ன, இவ்வளவு வாசனை?" என்று சோம்பைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். பாத்திரம் கழுவும்போதே அவருக்கு வாந்தி. பிறகு எனக்கு. மாறி மாறிக் குளியலறைக்கு ஓடினோம். "கேஸ் போட வேண்டியதுதான்" என்று அப்போதும் சிரித்தார். நானும் சிரித்தேன். முட்டை கெட்டிருக்கும் என்று நினைத்தோம்.

திங்களன்று வேலைக்கு வந்தார். கழுத்தைத் திருப்ப முடியவில்லை, உடம்போடு சேர்த்துத் திரும்பினார். செவ்வாயன்று கையைத் தூக்க முடியவில்லை. உனக்கு அந்தப் பொய்யை எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தபோது அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூத்திரம் நம் ஊர்க் கறுப்பு பீர் நிறத்தில் போனதாம். அதன்பின் அதுவும் நின்றுவிட்டது. இப்போது இரத்தத்தை எந்திரத்தில் விட்டுக் கழுவுகிறார்கள்.

இனிமேல் சொல்வதைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டு. டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது நான் கட்டில் அருகில் நின்றேன். கிதாகாவா என்னை ஒருமுறை பார்த்தார். "நானே குன்றுல காளான் பறிச்சேன். தனியாச் சாப்பிட்டேன்" என்றார். என்ன நிறம், எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பழுப்பு என்றார். வறுப்பதற்கு முன் அவர் அதைப் பார்த்ததே இல்லை, அக்கா. வறுத்த பிறகு எல்லாக் காளானும் பழுப்புத்தான். டாக்டர்கள் பழுப்புக் காளானைத் தேடிப் புத்தகம் புரட்டுகிறார்கள்.

எனக்கு ஜாமீன் நின்றவர். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார். அடுத்த நாள் பேச்சும் போய்விட்டது. சாயோ ஓடி வந்து, இந்த மனுஷனுக்கு ஏன் இப்படிப் புத்தி போச்சு என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார். என்னிடமும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

வாயைத் திறந்தால் போலீஸ். உதவித்தொகை போகும். அது மட்டுமில்லை, செக் நாட்டுக்காரன் விஷம் வைத்தான் என்று ஆனால் அடுத்த வருஷம் நம் ஆட்கள் யாருக்கும் இங்கே இடம் கிடைக்காது. இப்படியெல்லாம் காரணம் அடுக்கிக்கொள்கிறேன். உள்ளே ஒரே காரணம்தான். பயம்.

என் கையும் அலமாரி உயரத்துக்கு எழவில்லை. கழிப்பறைக்கு விளக்குப் போடாமலே போகிறேன். நிறத்தைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது?

மிச்சக் காம்புகளைச் செய்தித்தாளில் சுற்றி ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கிறேன். எறிந்துவிடலாம் என்று எடுத்தேன், எறியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் இல்லை. என்ன செய்யட்டும், சொல். பதில் வர இரண்டு வாரத்துக்கு மேலாகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன் போலிருக்கிறது.

விலேம்


ப்ராஹதிட்சே, ஆகஸ்ட் 5

விலேம்,

வியாழனன்று நீ போனில் "இருக்கேன்க்கா" என்றாய், காசு தீர்ந்து அறுந்துபோயிற்று. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நாலு நாள் ஓட்டினேன். நீ இருக்கிறாய், அப்படியென்றால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். இன்று உன் 27ஆம் தேதிக் கடிதம் வந்தது.

வெயிலாம். தோளில் பிடிப்பாம். என்னிடமே கெட்ட சரக்கை நல்ல சரக்காக விற்றிருக்கிறாய்.

முதலில் இதைக் கேள். கெட்ட சரக்கு கை மாறிவிட்டது என்று தெரிந்தால் யாவாரி செய்ய வேண்டியது ஒன்றுதான். வாங்கினவன் வாசலுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். கடை பேர் கெடும், கெடட்டும். யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த யோசனைக்குள்ளேயே ஒருத்தன் செத்துவிடுவான்.

அரசாங்கம் என்ன நினைக்கும் என்கிறாய். அரசாங்கத்துக்குச் சிறுநீரகம் கிடையாது. கிதாகாவாவுக்கு இரண்டு இருந்தது, இரண்டையும் உன் வாணலியில் போட்டு வறுத்துவிட்டாய். நல்ல எண்ணத்தில்தான், தெரியும். அந்த நல்ல எண்ணத்தை டாக்டரிடம் போய்ச் சொல்.

அவருக்கு இரண்டு பெண்கள் என்று நீதான் எழுதினாய். எங்கப்பா புத்தியில்லாமல் கண்டதைப் பறித்துத் தின்றார் என்று அதுகள் காலம் முழுக்கச் சொல்லித் திரிய வேண்டுமா? அந்தப் பெண் உன்னிடம் மன்னிப்புக் கேட்டாளாம், நீ தலையை ஆட்டினாயாம். அந்த வரியை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

காம்புகளை எடு, ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல். போலீஸ் கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல். பொய் வேண்டாம், கேட்காததை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். ப்ராக்குக்கு நீயே எழுது, வேறு எவனும் எழுதுவதற்கு முன்னால். அப்புறம் அந்தக் கழிப்பறை விளக்கைப் போடு, நாய்ப்பயலே. பார்த்துவிட்டு அதையும் டாக்டரிடம் காட்டு.

நான் எழுதுவதை லுபோர் எட்டிப் பார்த்தார். "ஏன் இப்படித் திட்டற? அதுக்குள்ள அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்றார். "ஆகியிருந்தா இன்னும் திட்டுவேன்" என்றேன். அப்புறம் தபால் தலையை அவரே நக்கி ஒட்டிவிட்டுப் போனார்.

இன்று வாசலில் வந்த காளான் ஒன்றையும் வாங்கவில்லை. தராசைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

ஹெத்விகா


ஆகஸ்ட் 13

அக்கா,

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே. என் போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. கேள்வியை உலகத்தின் அந்த மூலைக்கு அனுப்பிவிட்டு இந்த மூலையில் ஒளிந்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கல்லூரியில் எங்கள் மாடியிலேயே இருக்கிற வனவியல் ஆசிரியரின் அறைக்குப் போனேன்.

அவர் பிரித்துப் பார்த்தார்.

"வெட்டினப்போ சிவந்துச்சா?"

"சிவந்தது."

"அப்புறம் கறுத்துச்சா?"

"இல்லை."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். "யாரு சாப்பிட்டது?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். சொன்னேன். "நீங்க?" என்றார். அதையும் சொன்னேன். அவரே காரை ஓட்டிக்கொண்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சிவந்து கறுத்தால் ஒரு ஜாதி, சிவந்து அப்படியே நின்றால் வேறு ஜாதியாம். இரண்டாவது நம் நாட்டில் இல்லவே இல்லை. தசையைக் கரைத்து இரத்தத்தில் விடும், அது சிறுநீரகத்தை அடைக்கும், சில பேருக்கு இதயத்தை நிறுத்தும். மாற்று மருந்து கிடையாது. ஆனால் பெயர் தெரிந்ததும் டாக்டர்கள் கிதாகாவாவின் இதயத்துக்குத் தனியாகக் கருவி மாட்டினார்கள். அன்று மாலையே இதயம் தடுமாறியது, கையோடு பிடித்துவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நல்லதும் கெட்டதும். ஞாயிற்றுக்கிழமைவரை நான் காத்திருந்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னையும் படுக்கவைத்து ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். என் மூத்திரம் நிறம் தெளிந்துவிட்டது.

சாயோவிடம் ஆசிரியர்தான் சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அவரு ஆசையாச் சாப்பிட்டாரா?" ஆமாம் என்றேன். நான் தினமும் போய் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் அடுத்த பெஞ்சில். குழந்தைகள் வந்த அன்று மட்டும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

போலீஸ் அரை நாள் விசாரித்தார்கள். மரியாதையாகத்தான். கிதாகாவா பிழைத்தால் விபத்து என்று முடித்துவிடுவார்களாம். பிழைக்காவிட்டால் என்ன என்று சொல்லவில்லை.

நேற்று நான் பெஞ்சில் இருந்தேன். அறைக் கதவு திறந்து சாயோ ஓடி வந்தார். இரண்டு வாரமாக முகம் பார்க்காதவர், என் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையைக் காட்டினார். அடியில் ஒரு தேநீர்க் கிண்ணம் அளவுக்கு மஞ்சளாக. கிதாகாவாவின் மூத்திரம், அவர் உடம்பே விட்டது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நர்ஸ் வந்து நகரச் சொன்னாள், நகரவில்லை.

டாக்டர், "இன்னும் ஒண்ணும் உறுதியாச் சொல்ல மாட்டேன். இதயம் அடிபட்டிருக்கு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே ப்ராக்குக்கு எழுதியிருந்தேன். பதில் இன்று வந்தது. மாதக் கடைசியோடு உதவித்தொகை நிற்கிறது. திரும்பி வர விமானச் சீட்டும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், முப்பதாம் தேதிக்கு. விசா என்னவோ அக்டோபர் கடைசிவரை இருக்கிறது, ஆனால் எதைத் தின்று இருப்பது? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அக்கா. சீட்டைப் பார்த்ததும் முதலில் வந்தது வருத்தமில்லை. அப்பாடா என்று வந்தது. கிதாகாவாவின் உயிர் என் கண் முன்னால் போகாது, நான் விமானத்தில் இருப்பேன் என்று. அப்படி நினைத்துவிட்டு அந்தப் பெஞ்சுக்குத் திரும்பப் போகவே பயமாக இருக்கிறது. போகவும் பயம், இருக்கவும் பயம்.

விலேம்


ப்ராஹதிட்சே, ஆகஸ்ட் 22

விலேம்,

உன் கடிதம் வந்ததும் லுபோரிடம் கிடங்குச் சாவியைக் கொடுத்துவிட்டு ப்ராக்குக்கு ரயிலேறினேன். சண்டை போடத்தான் போனேன், மறைப்பானேன். உன் காகிதங்களைப் பார்க்கிற அம்மாள் நல்ல மாதிரி. நாற்காலி போட்டாள்.

"உங்க தம்பிதாங்க எழுதினார். எங்களுக்கு வேற யாருமே சொல்லலை" என்றாள்.

"சொன்னதுக்காகவா நிறுத்தறீங்க?"

"அதுக்கில்லம்மா. போலீஸ் விசாரணைன்னு வந்துட்டா நிறுத்தணும்னு விதி இருக்கு. அவரு கையெழுத்துப் போட்டிருக்கார்."

அந்தத் தாளை நானும் படித்தவள்தானே. விதி இருக்கத்தான் இருக்கிறது. அதோடு சண்டை போட்டு என்ன புண்ணியம்? "அடுத்த வருஷம் நம்ம ஆளுங்களை அந்த நாட்டுக்கு அனுப்புவீங்களா, இல்ல இவனால அதுவும் போச்சா?" என்று கேட்டேன்.

"அனுப்புவோம். அவங்க வேண்டாம்னு சொல்லலை. காளான் பறிக்கக் கூடாதுன்னு ஒரு வரி மட்டும் புதுசாச் சேர்க்கிறோம்."

அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. போகிற வருகிறவன் எல்லாம் பார்த்தான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். இதைத் தந்தியிலும் கொடுத்திருக்கிறேன், முப்பதாம் தேதிக்கு முன் உன் கைக்கு வந்தாக வேண்டும் என்று. அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடு. உன் விசா முடியும்வரை தங்குகிற செலவு என்னுடையது. எவ்வளவு என்று நீயும் எழுத வேண்டாம், நானும் கேட்கப் போவதில்லை. அரசாங்கம் உன்னை அனுப்பியது மரம் படிக்க. அது போதும் என்று நினைத்தார்கள், நிறுத்திவிட்டார்கள், அது அவர்கள் யாவாரம். நான் உன்னை அனுப்புவது அந்தப் பெஞ்சில் உட்கார.

அப்பாடா என்று நினைத்ததாக எழுதியிருந்தாய். நினைப்பு வரும், அதற்காக மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் முன்னால் போய் நிற்காதே. அவளுக்கு இருக்கிற பயம் போதும், உன்னுடையதையும் சேர்த்து அவள் தூக்க முடியாது. டாக்டர் கேட்டால் பதில் சொல். மருந்துக் கடைக்கு ஓட ஆள் வேண்டுமென்றால் ஓடு. குழந்தைகள் வந்தால் இனிமேல் எழுந்து வெளியே போகாதே. அதுகள் உன்னைப் பார்க்கட்டும். ஏதாவது கேட்டால் சொல்.

நம் ஊர் வைத்தியரிடமும் கேட்டுப் பார்த்தேன். மூத்திரம் திரும்புவது நல்ல சகுனம், ஆனால் இதயத்தைப் பற்றிப் பிடி கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். போன் மணி அடித்தால் லுபோர்தான் எடுக்கிறார். நான் கிடங்குப் பக்கம் போய்விடுகிறேன். இதை நீ மட்டும் தெரிந்துகொள்.

அவர் எழுந்து தன் காலால் வீட்டுக்கு நடந்து போகிறவரைக்கும் அந்த ஊரை விட்டு நகராதே. ஒருவேளை அவர் நடக்கவே இல்லையென்றால், தூக்கிக்கொண்டு போகிறவர்களில் நீயும் ஒருவனாக இரு. அதற்கப்புறம் வா.

ஹெத்விகா